பிறந்த நேரம்

சாவி என்னிடம்தான் இருக்கிறது.
மறைமாவட்டத்தில் கேட்டால் ஏற்காட்டில் என்பார்கள்.
ஏற்காட்டில் கேட்டால் ஞானாதிக்கத்திடம் என்பார்கள்.
முதலில் தோட்ட வேலை, பிறகு மருந்து கட்டுவது,
மொத்தம் இருபத்தாறு வருஷம்.
இப்போது பூட்டுக்கு எண்ணெய் போடுகிறேன்.

அது முன்னே காப்பிக் கிடங்கு.
துரை விற்றுவிட்டுப் போக
நான்கு கன்னியர் வந்து சுண்ணாம்படித்து
எட்டுக் கட்டில் போட்டார்களாம்.
ஐப்பசி மழை இறங்கினால்
சுவருக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும்:
டெட்டால் வாசனைக்கு அடியில்
பச்சைக் காப்பிக்கொட்டை.

மாரமங்கலத்துப் பக்கமிருந்து டோலி வரும்.
நான்கு ஆள், ஒரு லாந்தர், நடுவில் ஒரு முனகல்.
டாக்டர் ரெபெல்லோ மலைச்சனத்திடம் தமிழ் கற்றவள்;
சேலத்துக்கு இறங்கி செவ்வாய்ப்பேட்டையில் பேசினால்
கடைக்காரர்கள் சிரிப்பார்கள்.
பணத்துக்குப் பதில் சாமை வரும், பலா வரும்.
ஒருமுறை சேவல்.
சிஸ்டர் கொலெத்தா அறுக்க விடவில்லை.
அது காலை ஜெபத்துக்கு முன்பே கூவிக் கூவி
மணி அடிக்கிற என் வேலையைப் பிடுங்கிக்கொண்டது.

எல்லோரையும் பிழைக்க வைத்தோம் என்று சொல்லமாட்டேன்.
பின்பக்கம் சில்வர் ஓக் வரிசைக்குக் கீழே
சின்னச் சின்னக் குழிகள். பெயர் கிடையாது.
நான் தோண்டியவை பதினேழு.

மூடியது எப்படி என்று கேட்கிறார்கள்.
இடி விழவில்லை, எவரும் அழவில்லை.
சிஸ்டர்களுக்கு வயதானது, புதிதாக ஆள் சேரவில்லை.
இருபது கொண்டை ஊசி வளைவையும்
ஆம்புலன்ஸ் நாற்பது நிமிஷத்தில் இறங்கிவிடுகிறது.
கடைசி நோயாளிக்குக் காதுவலி.
சொட்டு மருந்து விட்டேன்,
பஞ்சு அடைத்தேன், கதவைச் சாத்தினேன்.
கட்டில்கள் தியான இல்லத்துக்கு,
ஸ்டெரிலைசர் பழைய இரும்புக்கு,
சீல் திருச்சித் தலைமை மடத்துக்கு.
பிறப்புப் பதிவேடு ஏழு தொகுதி.
அவற்றை யாரும் கேட்கவில்லை.

போன வாரம் செம்மநத்தத்திலிருந்து ஒருத்தி வந்தாள்.
குப்பாயி என்றாள்.
ஆதாரில் இந்த மலையே
ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்திருக்கிறது.
அவளும்தான்.
எதற்கு, சாதிச் சான்றிதழா, பென்ஷனா என்றேன்.
"ஒண்ணுக்கும் இல்லைங்க, தெரிஞ்சிக்கத்தான்."
வருஷம் தெரியாது. அம்மா சொன்னது ஒன்றே:
காட்டெருமை ஆஸ்பத்திரிக்குள்ள வந்த ராத்திரி.

அந்த ராத்திரியை எனக்குத் தெரியும்.
மூன்றாம் தொகுதி. கரையான் ஓரம் தின்றிருந்தது.
தாய் காவேரி, க/பெ சடையன். பெண்.
இரண்டு பத்து. அழவில்லை.
அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு,
கோட்டுக்குப் பக்கத்தில் கொலெத்தாவின் சாய்ந்த கையெழுத்து:
இரண்டு இருபத்தொன்று. அழுதது.

நான் அவளுக்குச் சொல்லாதது:
வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் அப்போது.
சுறுசுறுப்பைக் காட்டுகிற வயது.
'அழவில்லை' என்று உள்ளே கேட்டதும்
யாரும் சொல்லாமலேயே மண்வெட்டியை எடுத்தேன்.
பின்வராந்தாவில் அது நின்றுகொண்டிருந்தது,
கதவை அடைத்துக்கொண்டு, ஈரம் சொட்ட,
மூச்சு விட்டால் கண்ணாடி மங்குகிற தூரத்தில்.
உஸ் என்றேன். நகரவில்லை.
கர்த்தரே என்றேன். காதை ஆட்டியது.
மண்வெட்டியும் கையுமாக நானும்,
அவசரமே இல்லாத அதுவும்.
அப்போதுதான் உள்ளே
தகரத்தைக் கீறுவதுபோல் ஒரு சத்தம்.

"எந்த நேரத்தைப் போட்டுக்கிறதுங்க?"
ரெண்டாவது என்றேன்.
வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன், சீல் இல்லாமல்.
எழுத்துக்கூட்டித் தேதியைப் படித்தாள்,
விரல் விட்டு எண்ணினாள், சிரித்துவிட்டாள்.

"அட, ஒம்போது நாள் முந்தி
வந்திருக்கலாமே."